மாறுகண் அதிர்ஷ்டமல்ல!

“மாறுகண் அதிர்ஷ்டம்” என்று நம் ஊர்களில் ஒரு பேச்சு உண்டு. யாருக்கு அதிர்ஷ்டம் என்று கேட்கிறோம். பள்ளிக்கூடத்தில் “ஒன்றரைக் கண்” என்று கேலி செய்யப்படும் சிறுவனுக்கா? பெண் பார்க்க வந்தவர்கள் முகம் சுளித்துப் போக, கூனிக் குறுகி நிற்கும் பெண்ணுக்கா? இந்தப் பேச்சை நம்பிக் குழந்தையின் பார்வையைப் பறிகொடுத்த குடும்பங்கள்தான் உண்டு.

விஷயம் இதுதான். ஒவ்வொரு கண்ணையும் ஆறு தசைகள் இயக்குகின்றன. இரு கண்களும் ஒரே இடத்தைப் பார்த்தால்தான் மூளை இரண்டு படங்களையும் ஒன்றாக்கும். ஒரு கண் விலகி நின்றால், குழந்தையின் மூளை அந்தக் கண்ணின் படத்தை ஒதுக்கிவிடுகிறது. ஒதுக்கப்பட்ட கண் பார்க்கப் பழகுவதில்லை. பார்வை மங்கிப் போகிறது. இதற்குச் ‘சோம்பேறிக் கண்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சோம்பேறி யார்? கண்ணா, கவனிக்க வேண்டியவர்களா?

பிறந்து மூன்று நான்கு மாதம் வரை சிசுவின் கண் அவ்வப்போது அலைவது சகஜம். அதற்குப் பிறகும் விலகினால் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். அபூர்வமாகக் கண்ணுக்குள் வளரும் புற்றுநோய்க்கும் இது அடையாளமாக இருக்கலாம். சில குழந்தைகளுக்குக் கண்ணாடி போட்டாலே கண் நேராகிவிடும். சிலருக்கு நல்ல கண்ணைத் தினம் சில மணி நேரம் மூடி, மங்கிய கண்ணை வேலை வாங்க வேண்டும். விலகல் தீராவிட்டால் தசையில் ஆபரேஷன். ஏழு எட்டு வயதுக்குள் செய்தால் பார்வைக்கு நல்ல பலன். தாமதிக்கத் தாமதிக்கப் பலன் குறையும்.

வைத்தியம் இருக்கிறது. பின் ஏன் பார்வை போகிறது? கண்ணை மூடும் ஒட்டுக்கு அதிக விலையில்லை. ஆனால் திரும்பத் திரும்ப டாக்டரிடம் காட்ட வேண்டுமே! கூலி வேலை செய்யும் தாய்க்கு ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலி நஷ்டம்; பஸ் செலவு வேறு. இரண்டு தடவை போவாள். மூன்றாவது தடவை அடுப்பா, ஆஸ்பத்திரியா என்ற கேள்வி வரும். இதைத்தான் “பெற்றோரின் அலட்சியம்” என்கிறார்கள்!

திட்டங்கள் இல்லாமலில்லை. பார்வையிழப்பைத் தடுக்க 1976ல் தேசியத் திட்டம் வந்தது. 2013ல் வந்த குழந்தைகள் நலத் திட்டப்படி, வைத்தியக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறையும், அரசுப் பள்ளிக்கு ஒருமுறையும் வர வேண்டும். நல்லதே. ஆனால் இரு கண்களையும் திறந்து வைத்து எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னால் குறை தெரியாது. நல்ல கண் படித்துவிடும். ஒவ்வொரு கண்ணையும் மூடித் தனித்தனியே சோதிக்க வேண்டும். குறையைக் கண்டு சீட்டு எழுதிக் கொடுத்தால் மட்டும் போதுமா? குழந்தை ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்ததா என்று யார் பார்ப்பது?

பெரியவர்களின் கதை வேறு. “இது அழகுக்கான ஆபரேஷன்” என்று தட்டிக் கழிக்கிறார்கள். வயது வந்தபின் மாறுகண் வந்தால் ஒரு பொருள் இரண்டாகத் தெரியும். சர்க்கரை நோய், தைராய்டு கோளாறு, தலையில் அடி ஆகியவை காரணமாகலாம். திடீரென்று வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சாலை இரண்டாகத் தெரியும் லாரி டிரைவர் பிழைப்பது எப்படி? சிறுவயதில் கவனிக்கப்படாதவர்களுக்கும் கண்ணை நேராக்க முடியும். மங்கிய பார்வை திரும்பாமல் போகலாம். ஆனால் எதிரில் நிற்பவரை நிமிர்ந்து பார்த்துப் பேசுவது அழகுப் பிரச்னையா? மனிதனின் மானப் பிரச்னை!

ஆகவே நாம் கோருகிறோம்: பள்ளியில் சேருமுன் ஒவ்வொரு குழந்தைக்கும் கண் பரிசோதனை, மாவட்ட அரசு ஆஸ்பத்திரிதோறும் மாறுகண்ணுக்குத் தனிப் பிரிவு, தாலுகா ஆஸ்பத்திரியிலேயே தொடர் பரிசோதனை, கண்ணாடியும் ஒட்டும் இலவசம், உடன் வரும் பெற்றோருக்குப் பஸ் செலவும் ஒரு நாள் கூலியும்.

தாய்மார்களே! அதிர்ஷ்டம் என்று சொல்லும் பாட்டியின் பேச்சைக் கேட்டுக் காத்திராதீர்கள். உங்கள் குழந்தையின் கண்களை இன்றே உற்றுப் பாருங்கள். குழந்தையின் வயது யாருக்காகவும் நிற்காது.