ஜாயின்டர் வாங்கித்தான் ஆக வேண்டுமா?

வீட்டில் மரவேலை பழக நினைக்கிறவரை முதல் நாளே பயமுறுத்தி வைக்கும் பேச்சு ஒன்று உண்டு. ஜாயின்டர் மிஷின் இல்லாமல் பலகையின் ஓரம் நேராகாது, ஓரம் நேராகாமல் இரண்டு பலகையை ஒட்ட முடியாது என்பது அந்தப் பேச்சு. ஒட்ட முடியாதென்றால் சாப்பாட்டு மேசை கிடையாது, பெட்டி கிடையாது, அலமாரிக் கதவும் கிடையாது. கேட்டவர்களில் பாதிப் பேர் தேக்கையும் வேம்பையும் மறந்துவிட்டு பிளைவுட்டுக்குப் போய்விடுகிறார்கள். மற்றவர்கள் பணம் சேர்த்து ஒரு மிஷினை வாங்கி மாடிப்படிக்கு அடியில் நிறுத்துகிறார்கள். இது தவறான நம்பிக்கை என்பதோடு விட எனக்கு மனம் வரவில்லை. வேலை பழகக்கூடிய எத்தனையோ பேரை வாசலிலேயே திருப்பி அனுப்புகிற நம்பிக்கை இது.

அந்த மிஷின் செய்வதுதான் என்ன? முன்னால் ஒரு மேசை, பின்னால் ஒரு மேசை, நடுவில் அலகுகள் பொருத்திய உருளை. பின்மேசை அலகின் உச்சிக்குச் சரியாக நிற்கும். முன்மேசை கொஞ்சம் தாழ்ந்திருக்கும். அந்தத் தாழ்வுதான் ஒரு தடவையில் சீவும் கனம். ஓரத்தை நேராக்குவது மோட்டாரின் வேகம் இல்லை, மேசையின் நீளம். வீட்டுக்கென்று விற்கிற 6 அங்குலச் சின்ன மிஷின்களில் இரண்டு மேசையும் சேர்ந்து ஏறக்குறைய இரண்டரை அடிதான் வரும். மேசை நீளத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேற்பட்ட பலகையை நம்பி ஓட்டக் கூடாது என்பது அனுபவக் கணக்கு. ஆறடிப் பலகை அதில் அடங்காது. ஆறடிச் சாப்பாட்டு மேசைக்காக மிஷின் வாங்கியவர் அதே ஆறடியில் வந்து முட்டிக்கொள்கிறார்.

கையால் தள்ளிச் சீவும் இழைப்புளியும் இதே கணக்கில்தான் வேலை செய்கிறது. அடிப்பாகம் நீளமாக இருந்தால் பள்ளத்துக்குள் இறங்காமல் மேடுகளின் மேல் ஏறி ஓடும், மேட்டை மட்டும் சீவும். ஸ்டான்லி நிறுவனத்தின் வரிசையில் 7ஆம் எண் இழைப்புளி 22 அங்குலம், 5ஆம் எண் 14 அங்குலம். இத்தாலியின் பொம்பெயி நகரில் கிடைத்த ரோமானிய இழைப்புளியிலிருந்து செட்டிநாட்டு வீடுகளில் பர்மாத் தேக்குக் கதவை இழைத்த தச்சர்களின் கருவி வரை எல்லாம் இதே விதிக்குக் கட்டுப்பட்டவைதான்.

"அவர்கள் பரம்பரையாகச் செய்தவர்கள், எனக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தானே ஓய்வு" என்பார்கள். நியாயமான கேள்வி. ஓரம் நேராக இருந்தால் மட்டும் போதாது, பலகையின் முகத்துக்குச் செங்கோணமாகவும் இருக்க வேண்டும். பழகாத கை ஒரு பக்கம் சாயத்தான் செய்யும். அந்தச் சாய்வைக் கணக்கிலிருந்தே நீக்கிவிட ஒரு வழி இருக்கிறது. ஒட்ட வேண்டிய இரண்டு பலகைகளையும் புத்தகம் மூடுவதுபோல் மேல்முகத்தோடு மேல்முகம் சேர்த்து, ஓரங்கள் மேலே இருக்கும்படி பிடிப்பில் இறுக்குங்கள். இரண்டையும் ஒன்றாக இழையுங்கள். கை 2 டிகிரி சாய்ந்தால் ஒரு பலகைக்கு 92, மற்றதற்கு 88. திறந்து ஓரத்தோடு ஓரம் வைத்தால் 180. பரப்பு மட்டமாக வந்துவிடும். முக்கால் அங்குலப் பலகைகள் இரண்டு சேர்ந்து ஒன்றரை அங்குல அகலம் தருவதால் இழைப்புளியும் தடுமாறாமல் நிற்கும்.

நீளவாக்கில் மட்டும் இந்த வழி காப்பாற்றாது. இரண்டு ஓரமும் நடுவில் புடைத்திருந்தால் இடைவெளி இரட்டிப்பாகும். பழகாத கையில் ஓரம் இப்படிப் புடைக்கத்தான் பார்க்கும். அதனால் நுனியிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளித் தொடங்கி, மறுநுனிக்கு இரண்டு அங்குலம் முன்பே நிறுத்தி, அலகு வெட்டாமல் வழுக்கும்வரை நடுவையே சீவ வேண்டும். பிறகு ஒரு முழு நீளச் சீவல். சுருள் அறுபடாமல் வந்ததும் கையை எடுத்துவிடலாம். ஒரு பலகையை மற்றதன் மேல் நிறுத்தி, மேலுள்ளதை மெல்லத் திருப்பிப் பாருங்கள். நடுவில் சுழன்றால் புடைப்பு இருக்கிறது. இரண்டு நுனியும் உரசினால் நடுவில் குழிவு. அது ஒரு காகிதக் கனத்துக்குள் இருந்தால் நல்லதுதான், ஏனென்றால் நுனிகள்தான் முதலில் காய்ந்து சுருங்கி ஒட்டு விடப் பார்க்கும்.

நேர்கோலுக்கும் செலவு வேண்டாம். கொத்தனார்கள் பூச்சு வேலைக்கு வைத்திருக்கும் அலுமினிய மட்டப்பலகை போதும். அதை வைத்துப் பென்சிலால் ஒரு கோடு போட்டு, அதே இரண்டு முனைப்புள்ளிகளில் மறுபக்கம் புரட்டி வைத்து இன்னொரு கோடு போடுங்கள். இரண்டும் ஒன்றானால் நேர், விலகினால் அந்த விலகலில் பாதி பிழை. சர்குலர் சாவோ ரூட்டரோ இருந்தால் இதே மட்டப்பலகையைப் பலகையில் கிளாம்ப் போட்டு ஓட்டினாலும் ஓரம் நேராகிவிடும்.

கதவுகளை மொத்தமாகச் செய்கிற பட்டறைக்கு மிஷின் தேவை, மறுக்கவில்லை. ஒரு மேசைக்கு ஆறு பலகை ஒட்டுகிறவருக்கு அது எதற்கு? நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றும் அலகுக்கு மேல், சொல்லித்தர ஆளில்லாமல், குட்டைத் துண்டுகளைக் கையால் தள்ளச் சொல்வது எனக்குக் கோபமூட்டுகிறது. விரல் போனால் வராது. மிஷினில் இழைத்தாலும் ஈரம் காயாத மரம் நாலு நாளில் வளைந்துவிடும். இழைத்த அன்றைக்கே ஒட்டிவிட வேண்டும் என்பது இரண்டு வழிக்கும் பொது.

கையால் இழைத்து ஓரம் பிய்ந்துபோகிறது என்று சொல்கிறவர்களின் இழைப்புளியை வாங்கிப் பாருங்கள். பெரும்பாலும் அலகு மழுங்கியிருக்கும். மிஷினுக்கு எடுத்து வைத்த பணத்தில் கொஞ்சத்தைச் சாணைக்கல்லுக்குக் கொடுங்கள், மீதிக்கு நன்றாகக் காய்ந்த மரம் வாங்குங்கள்.