வெயிலும் வெடிமருந்தும்: கவனிக்கப்படாத கிடங்கு

தீபாவளி நெருங்கும்போது பட்டாசு பற்றிய செய்திகள் உரிமம், பறிமுதல், விரல் இழந்த பிள்ளைகள் என்று மூன்று வட்டத்திலேயே சுற்றுகின்றன. அந்தப் பட்டாசு நம் கைக்கு வரும்வரை எந்தச் சூட்டில் கிடந்தது என்று யாரும் கேட்பதில்லை.

மலேசியாவில் பதிவான மிக அதிக வெப்பம் 40.1 டிகிரி செல்சியஸ். 1998 ஏப்ரலில் பெர்லிஸ் மாநிலத்தின் சுப்பிங்கில் பதிவானது. இந்த வெப்பத்தில் பட்டாசு தானாக வெடித்துவிடாது. கருமருந்து தீப்பற்றவே சில நூறு டிகிரி வேண்டும். அதனால்தான் 'வெயில் என்ன செய்யும்' என்ற அலட்சியம் வருகிறது. ஆனால் வெயில் கொளுத்துவதில்லை, தயார்படுத்துகிறது. சூடு ஏறும்போது மருந்துக்குள் மெதுவாக நடக்கும் வேதிமாற்றம் வேகமெடுக்கிறது. பத்து டிகிரி கூடினால் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகும் என்பது வேதியியலில் பொதுவான கணக்கு. சூடான மருந்துக்குச் சிறிய உராய்வும் லேசான அடியுமே போதுமாகிவிடுகிறது.

இதற்கு நம் காலத்தின் பெரிய சாட்சி சீனாவின் தியன்ஜின் துறைமுகம். 2015 ஆகஸ்ட் 12ஆம் தேதி இரவு அங்கிருந்த ரசாயனக் கிடங்கு வெடித்ததில் 165 பேர் மாண்டனர், 8 பேர் காணாமல் போயினர். இறந்தவர்களில் பெரும்பாலோர் தீயை அணைக்கப் போனவர்கள். அரசு விசாரணையில் தெரிந்த காரணம் சாதாரணமானது. நைட்ரோசெல்லுலோஸ் என்ற பொருளை எப்போதும் ஈரமாகவே வைத்திருக்க வேண்டும். கொள்கலனில் இருந்த அதன் ஈரம் கோடை வெயிலில் காய்ந்துபோனது. காய்ந்த பொருள் மெல்லச் சிதைந்து தானே சூடாகியது. அந்தச் சூடு வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கி, சிதைவை மேலும் முடுக்கி, கடைசியில் தீயானது. தீ அருகிலிருந்த அம்மோனியம் நைட்ரேட்டுக்குப் பரவிய பிறகுதான் பெரிய வெடிப்பு.

தீ தொடங்கியது இரவு 11 மணியையொட்டி. சூரியன் மறைந்து பல மணி நேரம் ஆகியிருந்தது. பகலில் ஏறிய சூடு பொருளுக்குள் தன் வேலையைத் தொடர்ந்துகொண்டே இருந்தது. பொழுது சாய்ந்தால் ஆபத்து தணிந்தது என்று நினைப்பவர்களுக்கு இந்த ஒரு விவரமே போதும்.

சிவகாசித் தொழிலாளர்களுக்கு இது புதிய பாடம் அல்ல. மருந்துக் கலவை வேலையை வெயில் ஏறுமுன் காலையிலேயே முடிப்பது அங்கே பழைய வழக்கம். கலந்த மருந்தை மறுநாளைக்கு மிச்சம் வைக்கவும் கூடாது. அலுமினியத் தூள் கலந்த மருந்தில் ஈரம் சேர்ந்தால் அதுவே சூட்டை உண்டாக்கும். நைட்ரோசெல்லுலோஸுக்கு ஈரம் காவல், பட்டாசு மருந்துக்கு அதே ஈரம் எமன். வெப்பமும் ஈரப்பதமும் ஒன்றாக இருக்கும் நம் நாட்டில் இதைத் தனியாகக் கவனிக்க வேண்டும்.

இங்கே நிலைமை என்ன? 1957ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டப்படி பட்டாசு தயாரிக்கவும் இறக்குமதி செய்யவும் விற்கவும் உரிமம் வேண்டும். உரிமம் உள்ள சரக்கைச் சோதிக்க வழி உண்டு. ஒளித்து விற்கும் சரக்கு கடைவீட்டு மாடியிலும், தகரக் கூரைக் கொட்டகையிலும், கார் பூட்டிலும் கிடந்தால் யாருக்குத் தெரியும்? வெயிலில் நிறுத்திய காரின் உட்புறம் 60 டிகிரியைத் தாண்டக்கூடும். தோட்டத்து லயங்களில் சமையலறைக்கு அடுத்த அறையில் பெட்டி பெட்டியாக அடுக்கி வைப்பதும் நடக்கிறது. பறிமுதல் எண்ணிக்கையைச் சொல்லும் அதிகாரிகள், அந்தச் சரக்கு எப்படிப்பட்ட இடத்தில் இருந்தது என்பதையும் சொன்னால் மக்களுக்கு அதிகம் பயன்படும்.

குடியிருப்புக்கு அருகில் வெடிமருந்து இருந்தால் என்ன ஆகும் என்பதை சிலாங்கூர் ஏற்கெனவே கண்டிருக்கிறது. 1991 மே 7ஆம் தேதி சுங்கை பூலோவில் பிரைட் ஸ்பார்க்லர்ஸ் பட்டாசுத் தொழிற்சாலை வெடித்தபோது 20 பேருக்கு மேல் இறந்தனர், 100 பேருக்கு மேல் காயமடைந்தனர், சுற்றியிருந்த வீடுகளும் சேதமாயின. அதை வெயிலோடு முடிச்சுப் போட முடியாது. ஆனால் தியன்ஜினிலும் ஒரு கிலோமீட்டருக்குக் குறைவான தூரத்தில் அடுக்குமாடி வீடுகள் இருந்தன. இரண்டு ஊர்களிலும், பக்கத்தில் என்ன இருக்கிறது என்பது பலருக்கு வெடித்த பிறகே தெரியவந்தது.

இவ்வாண்டு பட்டாசு வாங்குவோர், கடைக்காரரிடம் விலையோடு சேர்த்து, சரக்கை எங்கே வைத்திருந்தார் என்றும் கேட்கலாம். வாங்கியதைக் காரில் விடாமல், அடுப்புக்கும் சாமி விளக்குக்கும் தள்ளி, காற்றோட்டமான காய்ந்த இடத்தில் வைக்க வேண்டும். ஈரமாகி வெடிக்காமல் போனதை வெயிலில் காயவைத்து மறுபடி கொளுத்துவது பல வீடுகளில் பழக்கம். அதை இந்த முறை விட்டுவிடலாம்.