முதியோர் இல்லங்களில் காரணம் தெரியாத காயங்களை விசாரிக்காமல் மூடுவதைக் கண்டிக்கிறோம்

முதியோர் இல்லங்களில் வாழ்பவர்களின் உடலில் காயம் கண்டால், 'விழுந்திட்டார்' என்று பதிவேட்டில் ஒரு வரி எழுதிவிட்டு அத்துடன் கைகழுவும் வழக்கத்தைச் செங்கலடி முதியோர் சங்கத்தினராகிய நாங்கள் வன்மையாகக் கண்டிக்கிறோம்.

வயதானவர்கள் விழுவது உண்மைதான். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவருக்குக் கட்டில் சட்டத்தில் கை பட்டாலே கண்டிவிடும். இரவு முழுவதும் தனியாளாகப் பலரைத் தூக்கிப் படுக்க வைக்கும் பராமரிப்பாளரின் பாடும் எங்களுக்குத் தெரியும். அவர்கள் மீது பழி போடுவது எங்கள் நோக்கமல்ல. ஆனால் மேற்கையின் உட்பக்கத்தில் பதிந்த விரல் தடத்துக்கும் மணிக்கட்டைச் சுற்றிச் சீலைத்துண்டு இறுகிய வடுவுக்கும் 'விழுந்திட்டார்' என்பது பதிலாகாது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் முதியவர்களிடம் நடத்தி 2005இல் வெளியிட்ட ஆய்வில், தற்செயலான கண்டல்களில் ஏறத்தாழ 90 சதவீதம் கைகால்களிலேயே இருந்தன. கழுத்திலோ காதிலோ ஒன்றுகூட இல்லை. நிறத்தைப் பார்த்துக் கண்டலின் வயதைச் சொல்ல முடியாது என்பதையும் அதே ஆய்வு காட்டியது. நிறத்தைக் காட்டிச் சொல்லும் 'பழைய காயம்' என்ற சமாதானமும் இனிச் செல்லாது.

மறதி நோயுள்ள அம்மம்மாவால் நடந்ததைச் சொல்ல முடியாது. பிள்ளைகள் கனடாவிலோ சுவிஸிலோ இருப்பார்கள். வீடியோ அழைப்பில் முகம் தெரியும். சட்டைக்குள் இருக்கும் கண்டல் தெரியாது.

தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் நடந்ததை மறக்க முடியுமா? அங்கே சேர்க்கப்பட்ட முதியவர் ஒருவரைக் காணவில்லை என்று சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வழக்குப் போன பிறகுதான், 2023 பெப்ரவரியில் அன்பு ஜோதி ஆசிரமத்துக்குள் அதிகாரிகள் நுழைந்தார்கள். அனுமதியின்றி இயங்கிய அந்த இடத்திலிருந்து மீட்கப்பட்டவர்கள், தங்களை அடித்ததாகவும் கட்டி வைத்ததாகவும் குரங்குகளை ஏவிக் கடிக்க விட்டதாகவும் முறையிட்டார்கள். வழக்கு தமிழ்நாட்டுக் காவல்துறையின் குற்றப் புலனாய்வுப் பிரிவான சிபிசிஐடியிடம் போனது. அதற்கு முன்பே அந்தக் காயங்களைப் பார்த்தவர்களில் ஒருவராவது கேள்வி கேட்டிருக்க வேண்டாமா?

இலங்கையில் சட்டம் இல்லாமலில்லை. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. தேசிய முதியோர் செயலகம் இருக்கிறது. பிரதேச செயலகங்களில் முதியோர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர்களும் இருக்கிறார்கள். காயம் கண்டால் யார், எத்தனை மணித்தியாலத்துக்குள், யாரிடம் அறிவிப்பது என்ற கண்டிப்பான நடைமுறைதான் தேவை. அமெரிக்காவின் தாதியர் பராமரிப்பு இல்லங்களில் காரணம் தெரியாத கடுமையான காயத்தை 2 மணித்தியாலத்துக்குள் அறிவிக்க வேண்டும். விசாரணை முடிவை 5 வேலை நாட்களுக்குள் கொடுக்க வேண்டும்.

அதே கண்டிப்பை இங்கும் கோருகிறோம். காயத்தைக் கண்ட அன்றே படம் எடுத்து, அவ்வேளை கடமையில் இருந்தவர்களின் பெயருடன் பிரதேச செயலகத்துக்கும் உறவினருக்கும் அறிவிக்க வேண்டும். சந்தேகமான காயங்களைச் சட்ட வைத்திய அதிகாரி பார்க்க வேண்டும். இல்ல நிர்வாகம் தன்னைத்தானே விசாரித்து எழுதும் அறிக்கையை ஒருபோதும் ஏற்கமாட்டோம். வாய் திறந்த ஊழியரை வேலையை விட்டு நிறுத்துவதையும் பொறுக்கமாட்டோம்.

முதியோர் சங்கத்தினர்,
செங்கலடி.