யாழும் கணக்கும் அமைதியும்

கணிதம் ஒரு துறை, இசை வேறொரு துறை, சமுதாய அமைதியோ அரசியல்வாதிகளின் துறை என்று நாம் பிரித்து வைத்துவிட்டோம். இப்பிரிவினை மாணவருக்கு நல்லதன்று என்பதே என் கருத்து. இதற்குச் சான்றாக விளங்குபவர் சுவாமி விபுலாநந்தர்.

1892-இல் இலங்கையின் கிழக்கே காரைதீவில் பிறந்தவர் அவர். லண்டன் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்சி. பட்டம் பெற்று விஞ்ஞானம் கற்பித்தார். மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதருமானார். பின்னர் இராமகிருஷ்ண மடத்துத் துறவியானார். வழக்கொழிந்த யாழை மீட்க அவர் கைக்கொண்ட கருவி கணிதம். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையையும் பழைய உரையையும் ஆராய்ந்து, சுரங்களின் விகிதங்களைக் கணக்கிட்டு, 'யாழ் நூல்' எழுதினார். 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில் அது அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் மறைந்தார்.

நம் ஆய்வுக்கூடத்துச் சோனாமீட்டரை எண்ணிப் பாருங்கள். இழுவிசை மாறாதிருக்க, கம்பியின் நீளத்தைப் பாதியாக்கினால் மேல் சட்ஜம். மூன்றில் இரண்டு பங்காக்கினால் பஞ்சமம். நாமோ அதிர்வெண்ணைப் பதிவேட்டில் எழுதிவிட்டு எழுந்துவிடுகிறோம். செவி கொடுத்துக் கேட்பதில்லை!

இதில் அமைதி எங்கே வந்தது? நார்வே நாட்டு ஜோஹன் கால்டுங்கும் கணிதம் பயின்றவரே. 1959-இல் ஆஸ்லோவில் அமைதி ஆய்வு நிறுவனம் கண்ட அவர், போர் இல்லாமை மட்டும் அமைதியன்று, அநீதியும் நீங்கவேண்டும் என்றார். அதற்கும் முன்பே அவ்வழியில் நடந்தவர் விபுலாநந்தர். 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியரான அவர், அருகிலிருந்த திருவேட்களத்துச் சேரிக்குச் சென்று ஒடுக்கப்பட்டோர் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார்.

"பிழைப்புக்காகப் படிக்க வந்தவனுக்கு யாழ் எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கிளென்மார்கன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வரும் என் போன்றோருக்கு, குடும்பத்தின் முதல் பட்டம் என்றாலே வேலைதான் நினைவுக்கு வரும். ஆனால் விபுலாநந்தரும் விஞ்ஞானம் கற்பித்துச் சம்பளம் வாங்கியவரே. துறையைக் கைவிடச் சொல்லவில்லை. துறைக்குத் துறை மதில் எழுப்பவேண்டாம் என்கிறேன்.

இம்மலையிலே படுகர், கேரளத்தார், சமவெளித் தமிழர், 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பியோர் எனப் பலரும் சேர்ந்து வாழ்கிறோம். யாழின் நரம்புகளும் ஒரே நீளமுடையவை அல்ல. விகிதம் முறையாக இருப்பதால் அவை இசைகின்றன. நமக்குள்ளும் அவரவர்க்கு உரியது அவரவர்க்குக் கிடைத்தால்தான் இசைவு உண்டாகும்.

ஆகவே ஆண்டுக்கு ஒரு நாளேனும் இயற்பியல், தமிழ், வரலாற்று மாணவர்கள் கூடிப் பேச வழி செய்யவேண்டும். சோனாமீட்டரும் சிலப்பதிகாரமும் ஒரே மேசைமீது இருக்கட்டும். ஆசிரியப் பெருமக்கள் ஆவன செய்வார்களாக!