பூவை மட்டும் பார்த்துப் பெயர் சொல்லலாமா?

வட சென்னையில் திருவொற்றியூரை ஒட்டிய விம்கோ நகர், அங்கு இயங்கிய தீப்பெட்டித் தொழிற்சாலையால் பெயர் பெற்ற ஊர். மணற்பாங்கான நிலம், உப்புக் காற்று. நட்டதெல்லாம் அங்கே பிழைத்து விடுவதில்லை. எனவே, வீட்டுத் தோட்டத்தில் பெயர் தெரியாத செடியொன்று ஆளுயரம் வளர்ந்து மஞ்சள் பூ பூத்துவிட்டால், அதைப் பிடுங்க யாருக்கும் மனம் வருவதில்லை. என்ன செடி என்று அக்கம்பக்கத்தில் கேட்டால், "தங்க அரளி" என்று பதில் வரும். சிக்கல் தொடங்குவதே இந்தப் பதிலில்தான்.

மஞ்சள் பூ பூக்கும் இரண்டு வேறு செடிகளுக்கு மக்கள் இப்பெயரை வழங்குகின்றனர். ஒன்று சொர்ணபட்டி எனப்படும் டெக்கோமா ஸ்டான்ஸ். மற்றொன்று பொன்னரளி அல்லது மஞ்சள் அரளி. தாவரவியலார் முன்பு தெவெட்டியா என்றும் இப்போது காஸ்கபேலா தெவெட்டியா என்றும் குறிப்பிடுவது. இரண்டுமே வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தவை. முன்னது அழகுச் செடி. அதனால் பெரிய அபாயம் இல்லை. பின்னதோ எல்லாப் பாகத்திலும் நஞ்சு உடையது. விதையில் அது மிகுதி. இதயத் துடிப்பையே குலைத்துவிடும் நஞ்சு அது. யாழ்ப்பாணப் பகுதி மருத்துவர்கள் 1980-களிலிருந்து இந்நஞ்சுக்கு ஆளானோரைக் காப்பாற்றப் போராடி வந்துள்ளனர்.

பூவை விட்டுவிட்டு இலையைப் பார்த்தால் குழப்பம் தீரும். சொர்ணபட்டியின் இலை கூட்டிலை. ஒரே காம்பில் பல சிற்றிலைகள், அவற்றின் விளிம்பு ரம்பப் பல் போல் இருக்கும். கணுவுக்கு இரண்டாக எதிரெதிரே அமையும். பொன்னரளியின் இலை தனியிலை. குறுகி நீண்டு பளபளக்கும், விளிம்பில் பல் இராது. இலையைக் கிள்ளினால் வெண்ணிறப் பால் வடியும். சொர்ணபட்டியில் பால் இல்லை. (கிள்ளிய கையைக் கழுவாமல் கண்ணைத் தொடக் கூடாது.) காய் இருந்தால் ஐயமே வேண்டாம். சொர்ணபட்டியில் மெல்லிய நீண்ட காய்கள் தொங்கும். வெடித்தால் இறகு கொண்ட விதைகள் காற்றில் பறக்கும். யாரும் நடாமலே அது கொல்லையில் முளைப்பது இதனால்தான். பொன்னரளிக் காய் உருண்டு திரண்டு, பச்சையிலிருந்து கறுப்பாக மாறும். உள்ளே கெட்டியான கொட்டை. குழந்தைகள் விளையாட எடுப்பது இதைத்தான்.

மாலைக்கு வளர்க்கும் செவ்வரளியும் வெள்ளரளியும் வேறு இனம். கணுவுக்கு மூன்று இலைகள் இருக்கும். நஞ்சில் அவையும் சளைத்தவை அல்ல.

மீஞ்சூர், பொன்னேரிப் பக்கத்துச் சிறு விவசாயிக்கு இதில் ஆட்டின் உயிர் அடங்கியிருக்கிறது. நிற்கும் அரளியை ஆடு பெரும்பாலும் கசப்பென்று ஒதுக்கிவிடும். கவாத்து செய்து வேலிக்கு வெளியே எறிந்த கிளை வாடிக் கிடக்கும்போதுதான் மேய்ந்துவிடுகிறது. இலை காய்ந்தாலும் நஞ்சு போவதில்லை. பூச்செடி வெட்டுவோர் வெட்டிய கழிவைக் குழியில் புதைப்பதே முறை. எரித்தால் புகையும் தீங்கு. மாடோ ஆடோ தின்றுவிட்டால் கைவைத்தியத்தில் பொழுதைப் போக்காமல் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். குழந்தை தின்றிருந்தால் செடியின் கிளையையும் எடுத்துக்கொண்டு உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இதற்காகப் பொன்னரளியை ஊரெங்கும் வெட்டியெறியச் சொல்வது நியாயமாகாது. வறட்சியைத் தாங்கி, வேலிக்கும் பூசைக்கும் உதவும் செடி அது. ஆனால் பள்ளிக்கூட ஓரத்திலும் ஆட்டுக் கொட்டகை அருகிலும் அதை நடுவது தவறு. நாற்றுப் பண்ணைகள் வெறும் "தங்க அரளி" என்று சொல்லி விற்பது அதைவிடப் பெரிய தவறு. தாவரவியல் பெயரும் "நஞ்சுடையது" என்ற ஒரு சொல்லும் தமிழில் எழுதிய அட்டை ஒவ்வொரு நாற்றிலும் தொங்க வேண்டும். அதற்கு ஆகும் செலவு அற்பம்.

பெயர் தெரியாத செடி எதுவானாலும் பூ, இலை, காய் மூன்றும் உள்ள கிளையைச் செய்தித்தாள் மடிப்பில் வைத்துத் தோட்டக்கலை அலுவலகத்துக்கோ, திருவள்ளூர் மாவட்டம் திரூர் வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ கொண்டு செல்லலாம். கைப்பேசியில் படம் அனுப்புவோரும் இலை கணுவில் அமைந்துள்ள விதம் தெரியும்படி எடுக்க வேண்டும். பூவை மட்டும் எடுத்த படத்தை வைத்து எவராலும் உறுதி கூற இயலாது.