தண்டவாளத்தின் மேல் ஒரு காதல் பாட்டு: 2024இல் என் நான்கு தேர்வுகள்

ஆண்டு முடியப் போகிறது. எந்தப் பாட்டு எத்தனை கோடிப் பார்வை என்று பட்டியல்கள் வரிசைகட்டி வருகின்றன. பார்வைகளை எண்ணிச் சொல்ல யூடியூப் போதும். தருமபுரி மாவட்டத்தில் உட்கார்ந்து பாட்டுக் கேட்கிறவர்களுக்கு வேறு கேள்விகள் இருக்கின்றன. இந்தப் பாட்டை யார் சத்தமாக வைத்துக் கேட்க முடியும்? யார் இயர்போனுக்குள் மட்டும் கேட்க வேண்டியிருக்கிறது? பாடியவர்களுக்கும் எழுதியவர்களுக்கும் என்ன கிடைத்தது?

பாட்டுக் கேட்பதில் என்ன ஆபத்து என்று கேட்பவர்கள் ஷீரடியை நினைத்துக்கொள்ளலாம். அம்பேத்கர் பாட்டைக் கைபேசியில் ரிங்டோனாக வைத்திருந்ததற்காக 2015 மே மாதம் அங்கே ஒரு தலித் மாணவர் அடித்துக் கொல்லப்பட்டார். நம் ஊர்களில் ஆண்ட பரம்பரைப் பாட்டு திருவிழாவிலும் கல்யாண மண்டபத்திலும் ஒலித்தால் அது ‘கொண்டாட்டம்’. காலனித் தெருவில் ஒரு நீலப் பாட்டு ஒலித்தால் அது ‘சட்டம் ஒழுங்குப் பிரச்சினை’. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துத்தான் இந்த நான்கையும் தேர்ந்திருக்கிறேன்.

முதலாவது, ஜனவரி 25 அன்று வெளிவந்த ‘ப்ளூ ஸ்டார்’ படத்தின் ‘ரயிலின் ஒலிகள்’. இசை கோவிந்த் வசந்தா, வரிகள் உமாதேவி. அரக்கோணத்துக் கிரிக்கெட் பையன்களின் கதையில் வருகிற, முழக்கம் எதுவும் எழுப்பாத ஒரு மெல்லிசைக் காதல் பாட்டு. வேறு ஊர்க்காரர்களுக்கு அது அவ்வளவுதான். நமக்கு அப்படியில்லை. 2012 நவம்பர் 7 அன்று ஒரு காதல் திருமணத்தைக் காரணம் காட்டி நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் 250க்கும் மேற்பட்ட வீடுகளைச் சூறையாடிக் கொளுத்தினார்கள். பெங்களூருக்குப் போய் உழைத்துச் சேர்த்த டி.வி., பைக், பீரோ, பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாம் எரிந்தது. 2013 ஜூலை 4 அன்று தருமபுரி அரசு கலைக் கல்லூரி அருகே தண்டவாளத்தை ஒட்டி இளவரசனின் உடல் கிடந்தது. இரண்டு ஆண்டு கழித்துப் பள்ளிபாளையம் அருகே இன்னொரு தண்டவாளத்தில் கோகுல்ராஜின் உடல். அதன்பின் இந்தப் பக்கத்தில் காதலிக்கிற எந்தத் தலித் இளைஞனின் வீட்டிலும் ‘ரயில்’ என்ற சொல் சாதாரணச் சொல்லாக இல்லை. அதே ரயிலை, இரண்டு பேர் பார்த்துக்கொள்ளவும் வெட்கப்படவுமான இடமாக ஒரு பாட்டு மாற்றிக் காட்டியது. பழிவாங்கும் பாட்டை விட இதுதான் நமக்கு அதிகம் தேவைப்பட்டது என்று நினைக்கிறேன். அச்சமில்லாமல் காதலிக்கிற சாதாரண வாழ்க்கைக்குத்தானே இவ்வளவு போராட்டமும்?

இரண்டாவது, ‘தங்கலான்’ படத்தின் ‘மினிக்கி மினிக்கி’. இசை ஜி.வி. பிரகாஷ்குமார். வரிகள் இதற்கும் உமாதேவிதான். பெண்களுக்கு ரவிக்கை கிடைக்கிற காட்சியோடு சேர்த்துத்தான் இந்தப் பாட்டை என்னால் நினைக்க முடிகிறது. ஒரு முழத் துணிக்கு இவ்வளவு ஆட்டமா என்று கேட்பவர்களுக்கு, அந்தத் துணியை யார் எதற்காக மறுத்தார்கள் என்ற வரலாறு தெரியாது. கோலார் தங்க வயல் நமக்குத் தூரத்து ஊரும் இல்லை. 2001இல் மூடப்படும் வரை நூறாண்டுக்கும் மேல் அந்தச் சுரங்கத்துக்குள் இறங்கியவர்களில் பெரும்பாலோர் தமிழ் மாவட்டங்களிலிருந்து போன தலித் மக்கள். அயோத்திதாசரின் ‘தமிழன்’ இதழ் அவர் மறைவுக்குப் பிறகு அந்த ஊரிலிருந்துதான் மறுபடி வெளிவந்தது. இன்று தருமபுரியிலிருந்து ஓசூருக்கும் பெங்களூருக்கும் கட்டட வேலைக்குப் போகிறவர்களின் பயணம் அந்தப் பழைய பயணத்தின் தொடர்ச்சிதான். உழைக்கப் போன சனத்தைப் பரிதாபமாகவே காட்டிப் பழகிய திரையில், ஆடுகிற சனமாக அவர்களைக் காட்டியதற்காக இந்தப் பாட்டு.

மூன்றாவது, ‘வாழை’ படத்தின் ‘பாதவத்தி’. சந்தோஷ் நாராயணன் இசையில் வந்த ஒப்பாரி. ஊரில் பெரிய வீட்டுச் சாவு விழுந்தால் பறையடிக்க ஆள் வர வேண்டும் என்பது கட்டளை. அதை மறுத்து ஊர்விலக்கையும் அடியையும் வாங்கியவர்கள் தமிழ்நாடெங்கும் உண்டு. அடுத்தவர் பிணத்துக்கு முன்னால் கட்டாயமாக அடித்த கைக்கும், அழுத குரலுக்கும் சொந்தத் துக்கம் என்று ஒன்று உண்டா என்றே யாரும் கேட்டதில்லை. தாருக்கு ஒரு ரூபாய் கூலி கூட்டிக் கேட்ட வாழைத்தார் சுமப்பவர்கள், லாரியில் ஏற்றப்பட்டு வீடு திரும்பும் வழியில் செத்துப்போகிறார்கள். இந்த ஒப்பாரி அவர்களுக்கானது. நம் செத்தவர்களுக்கு நாமே அழுகிற பாட்டு. இதை ‘சோகப் பாட்டு’ என்ற பிளேலிஸ்ட்டில் போடுவது அதைக் குறைத்து மதிப்பிடுவது.

நான்காவது சினிமாப் பாட்டு இல்லை. தெருக்குரல் அறிவின் ‘வள்ளியம்மா பேராண்டி’ தொகுப்பு. வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த அவருடைய பாட்டி. 2021இல் ‘எஞ்சாயி எஞ்சாமி’ உலகமெல்லாம் ஓடியபோது, அதே ஆண்டு ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ அட்டையில் அறிவின் முகம் இல்லை. அந்தப் பாட்டிலிருந்து எங்களுக்கு ஒரு பைசா வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் இந்த மார்ச்சில் சொன்னார். பல கோடிப் பார்வை வந்த பாட்டுக்கே இந்த நிலை. இந்தச் சூழலில் ஒரு கலைஞர் தன் பாட்டியின் பெயரையே தொகுப்புக்கு வைத்து, ‘நான் இவளுடைய பேரன்’ என்று அட்டையிலேயே சொல்வதை அரசியல் செயலாகத்தான் பார்க்கிறேன். பாட்டு யாருடையது என்ற கேள்வியும் நிலம் யாருடையது என்ற கேள்வியும் வேறு வேறு அல்ல.

டி.எம். கிருஷ்ணாவுக்கு ஏன் இடமில்லை என்று சில தோழர்கள் கேட்கலாம். பெரியாரைப் போற்றுகிறவருக்குச் சங்கீத கலாநிதியா என்று சில வித்வான்கள் மியூசிக் அகாடமியைப் புறக்கணித்தபோது நாம் கிருஷ்ணா பக்கம் நின்றோம், அது சரிதான். ஆனால் அந்தச் சண்டை ஒரு சபாவுக்குள் யார் உட்காரலாம் என்பது. பென்னாகரத்துப் பக்கம் விடிய விடியக் கூத்தாடுகிறவருக்கும் பம்பை அடிக்கிறவருக்கும் அந்தச் சபாவின் வாசல்கூடத் தெரியாது. அவர்களுடைய ஓர் இரவுக் கூலி என்ன என்பது எந்த ஆண்டிறுதிப் பட்டியலிலும் வருவதில்லை. இந்தப் பட்டியலின் பெரிய குறையும் அதுதான்: நான்கில் மூன்று சினிமா, நான்கில் ஒன்றுகூடத் தருமபுரியில் பிறந்த பாட்டு இல்லை.

அந்தக் குறையை அடுத்த ஆண்டு நாம்தான் சரிசெய்ய வேண்டும். ஜனவரியில் கல்லூரிகளில் பொங்கல் விழா வரும். பாட்டுப் பட்டியல் தயாரிக்கிற குழுவில் நீங்கள் இருந்தால், தனியாக அல்ல, நாலு பேராகச் சேர்ந்து ‘ரயிலின் ஒலிகள்’ பாட்டையும் அதில் சேருங்கள். பறையிசைக் குழுவைக் கூப்பிட்டால் டி.ஜே.வுக்கு எவ்வளவு கொடுப்பீர்களோ அதே தொகையைப் பேசி, மேடையிலேயே கொடுங்கள். ஊரில் பாட்டி பாடுகிற பாட்டை, அவர் சம்மதத்தோடு, அவர் பெயரோடு பதிவு செய்து வையுங்கள்.