கைவிலங்குக்கு முன்னால் ஒரு மருத்துவர்

2024 மார்ச்சில் முத்தியால்பேட்டையில் ஒன்பது வயதுச் சிறுமி கொல்லப்பட்டபோது புதுச்சேரியே கொதித்தது. கொலைக்குப் பின்னால் கஞ்சா இருந்ததாகச் சொல்லப்பட்டதால், கஞ்சாவை ஒழியுங்கள் என்று அன்று தெருவில் எழுந்த குரல் நியாயமானது. அதன்பின் சோதனை, கைது, பறிமுதல் என்று செய்தி வந்துகொண்டே இருக்கிறது. விற்பவனைப் பிடிக்கத்தான் வேண்டும். ஆனால் வில்லியனூர்ப் பக்கத்திலோ பாகூர்ப் பக்கத்திலோ, பொட்டலம் வாங்கிப் பழகிவிட்ட ஒரு பத்தொன்பது வயதுப் பையனை என்ன செய்வது? அவன் அம்மா எந்தக் கதவைத் தட்டுவாள்? காவல் நிலையத்துக்குப் போனால் பிள்ளைமேல் வழக்கு விழும் என்று பயந்து, வெளியே சொல்லாமல் வீட்டுக்குள்ளேயே அழுகிறாள்.

அந்தப் பயத்துக்குச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கடுமையானது. கஞ்சா இருபது கிலோவைத் தாண்டினால் பத்து முதல் இருபது ஆண்டு வரை கடுங்காவல். ஒரு கிலோ வரை 'சிறிய அளவு'. அதற்கும் ஓராண்டு வரை சிறை உண்டு. அதே சட்டத்தின் 64ஏ பிரிவு வேறொன்றும் சொல்கிறது. போதைக்கு அடிமையானவர் பயன்படுத்திய குற்றத்துக்கோ, சிறிய அளவு வைத்திருந்த குற்றத்துக்கோ ஆளானாலும், தாமாக முன்வந்து அரசோ உள்ளாட்சி அமைப்போ நடத்துகிற, அல்லது அங்கீகரித்த மருத்துவமனையில் சிகிச்சை பெற்றால், அவர்மேல் வழக்கு நடத்தக் கூடாது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் மட்டுமே அந்தப் பாதுகாப்பு பறிபோகலாம். தண்டனைக்குப் பதில் சிகிச்சைக்கு அனுப்ப 39-ஆம் பிரிவு நீதிமன்றத்துக்கும் அதிகாரம் தருகிறது. இந்த இரண்டு பிரிவுகளையும் தமிழில் அச்சடித்து ஒவ்வொரு காவல் நிலைய வாசலிலும், பள்ளிக்கூட அறிவிப்புப் பலகையிலும் ஒட்ட எவ்வளவு செலவாகிவிடும்?

64ஏ பிரிவில் வரும் 'உள்ளாட்சி அமைப்பு' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒரு கொம்யூன் பஞ்சாயத்து நினைத்தால் சிகிச்சை மையம் நடத்தலாம் என்பதே அதன் பொருள். புதுச்சேரியில் கொம்யூன் பஞ்சாயத்துகளுக்கு 1968-க்குப் பிறகு 2006-இல்தான் தேர்தல் நடந்தது. அந்த உறுப்பினர்களின் பதவிக்காலம் 2011-இல் முடிந்தது. அதன்பின் ஆண்டுக்கணக்கில் ஆணையர்களின் நிர்வாகம்தான். எந்தத் தெருவில் எந்தப் பிள்ளை கெட்டுக்கொண்டிருக்கிறான் என்பது வார்டு உறுப்பினருக்குத் தெரியும். கோப்பு பார்க்கும் அதிகாரிக்குத் தெரிய வழியில்லை. உள்ளாட்சித் தேர்தல் நடக்காததைச் சாலை, குடிநீர்ப் பிரச்சினையாக மட்டுமே பேசிவருகிறோம். போதைப் பிரச்சினையிலும் அதற்குப் பங்கு உண்டு.

போதைப்பொருள் தடுப்புச் சட்டம் தொடாத போதை ஒன்றும் இருக்கிறது. கஞ்சாவைத் தடுக்கும் அரசுதான் சாராயக்கடையையும் கள்ளுக்கடையையும் ஏலம் விடுகிறது. மது மாநிலப் பட்டியலில் வருவது; இங்கே 1970-ஆம் ஆண்டின் கலால் சட்டம் அதை ஆள்கிறது. தமிழகத்தில் மது வாங்க 21 வயது ஆக வேண்டும், இங்கே 18 போதும். கடலூர், விழுப்புரம் மாவட்டங்களோடு ஊரும் வயலும் பின்னிக் கிடக்கும் பாகூருக்கும் வில்லியனூருக்கும் இந்த வித்தியாசம் தினமும் கண்ணில் படுகிறது. 2020 மே மாதம் கொரோனா வரி போட்டு மது விலையைத் தமிழகத்துக்கு இணையாக உயர்த்தினார்கள். 2021 ஏப்ரலில் அந்த வரி நீங்கியது. மனம் வைத்தால் விலையை உயர்த்த அரசால் முடியும் என்பதை அந்த ஓராண்டு காட்டிவிட்டது.

குடியை விட நினைப்பவருக்கு வழி இருக்கிறதா? 2019-இல் எய்ம்ஸ் மருத்துவர்கள் வெளியிட்ட தேசிய ஆய்வின்படி, குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவதொரு சிகிச்சை பெற்றிருந்தார். பல வருடம் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கை நடுங்கும். இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம், புத்தி பேதலிக்கலாம், உயிரே போகலாம். 'மனசு வைத்தால் விட்டுவிடலாம்' என்று சொல்லும் உறவினர்களுக்கு இது தெரிவதில்லை. மருந்தும் மருத்துவர் மேற்பார்வையும் வேண்டும். 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், மதுவாலும் போதைப்பொருளாலும் வரும் மனநிலைக் கோளாறுகளையும் மனநோயில் சேர்த்து, சிகிச்சையை உரிமையாக்கியிருக்கிறது. அந்த உரிமையைக் கேட்டு வாங்க, பாகூரில் நாற்று நடும் பெண் ஒரு நாள் கூலியை இழந்து, நடுக்கத்தில் இருக்கும் கணவனை இரண்டு பஸ் மாற்றி கோரிமேடு ஜிப்மர் மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டுமா?

போர்த்துகல் 2001-இல் ஒரு வழி எடுத்தது. சொந்த உபயோகத்துக்குச் சிறிதளவு வைத்திருந்தவரை நீதிமன்றத்துக்கு அனுப்பாமல், சட்டம், மருத்துவம், சமூகப்பணி தெரிந்த சிறு குழுவின் முன் உட்காரவைத்தது. சிகிச்சைக்கும் பணம் ஒதுக்கியது. அத்தனை தூரம் நாம் போகத் தேவையில்லை. கையிலிருக்கும் 64ஏ பிரிவை நடைமுறைக்குக் கொண்டுவந்தாலே போதும்.

ஆகவே எங்கள் கோரிக்கை இது. அடுத்த சாராயக்கடை ஏலத்துக்கு முன், அந்த வருமானத்தில் ஒரு பங்கைச் சிகிச்சைக்கென்று தனியே ஒதுக்கி அரசாணை வெளியிடுங்கள். வில்லியனூரிலும் பாகூரிலும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில், கூலி வேலை முடிந்து வருகிறவர்களுக்கு வசதியாக, மாலை நேரக் குடிநோய், போதை சிகிச்சைப் பிரிவு வாரந்தோறும் நடக்கட்டும். அதை 64ஏ பிரிவின்கீழ் முறையாக அங்கீகரியுங்கள். உள்ளாட்சித் தேர்தல் தேதியை அறிவியுங்கள். இவையெல்லாம் நடக்கும்வரை காத்திருக்க முடியாத குடும்பங்கள், போதையிலிருந்து மீள உதவும் 14446 என்ற மத்திய அரசின் கட்டணமில்லா எண்ணை இன்றே அழைக்கலாம்.